மாலை கழட்டாத மாமா

நான் அழலை தங்கச்சி, வெள்ளையம்மா, நீயும் அழாதே. உங்க மாமா பொழைச்சுக்கிட்டாரு. கார்த்திகையில போட்ட ஐயப்பன் மாலையை மாசி வந்தும் கழட்டாம, விரதம்னு தனியாவே படுத்தாரு, உள்துணியைக்கூட ஒளிச்சுத் தானே துவைச்சுக்கிட்டாரு. சாமி காரியமாச்சேன்னு மத்திகிரி பூரா பெருமை பேசினேன், பாவி. ஒண்ணுக்குப் போற எடத்துல புத்துநோய். வெக்கப்பட்டு மறைச்சதுல புண்ணுல புழுவே வெச்சிடுச்சு. டாக்டரு புழுவையெல்லாம் எடுத்துட்டு, உறுப்பையும் அறுத்துட்டாரு. முன்னமே வந்திருந்தா பாதியாச்சும் மிச்சம் பண்ணியிருப்பேன்னாரு. "இனி நானும் உன்னாட்டம் உக்காந்துதான் போவணும்டி"ன்னு மாமா சிரிக்கிறாரு. எனக்குத்தான் தாங்கலை. கம்பெனிக்கு லீவு சொல்லிட்டு ஆஸ்பத்திரியிலயே கெடக்கறேன், பேச ஆளில்லை. பழைய பருத்தி வேட்டி இருந்தா எடுத்துக்கிட்டு நீயே வாயேன். நர்ஸு கூப்பிடுது, போனை வெக்கறேன். ஐயோ, பொங்கலுக்கு எங்க வூட்டுக்கு வந்தப்ப உன் வூட்டுக்காரரும் உள்துணியை ஒளிச்சு ஒளிச்சுத் துவைச்சாரே, இப்பத்தான் நெனப்பு வருது!