ஞாயிற்றுக்கிழமைத் திருவாதிரை

என் அருமை மதினிக்கு,

சுகமா என்று கேட்கக் கை வந்துவிட்டது; பழக்கதோஷம். நீங்கள் கண்ணை மூடி ஒரு வருஷம் ஆகியும் அண்ணன் சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டுதான் பள்ளிக்கூடம் போகிறார். இப்போது நான் கத்துகிறேன்.

ஆனால் இதை எழுதுவது வேறொன்றுக்காக. நான் தோற்றுப்போனேன், மதினி.

பாளையங்கோட்டையிலிருந்து அண்ணனைக் கட்டிக்கொண்டு உடன்குடிக்கு வந்த நீங்கள், ஒரு சாயங்காலம் முற்றத்தில் நின்று சொன்னீர்களே: "ஏட்டி, திருவாதிரை மங்குது. போன வருசம் ரோகிணியைவிடப் பளிச்சுனு இருந்துச்சு. இப்ப ரெண்டும் ஒண்ணுபோல இருக்கு."

அது வயசான, பெருத்த நட்சத்திரமாம். அதன் வெளிச்சத்தைப் பிரித்துப் பார்த்தவர்கள், டைட்டானியம் என்ற உலோகம் பிராணவாயுவோடு கூடிக் கிடப்பதைக் கண்டார்களாம். "சூடு குறைஞ்ச இடத்துலதான் அப்படிக் கூடும். தன் புகையைத் தானே ஊதித் தள்ளுதோ என்னவோ" என்று உங்கள் சொந்த யோசனை ஒன்றையும் சேர்த்தீர்கள்.

நான் விடுவேனா? "அது நம்ம கருப்பட்டி அடுப்புப் புகை, மதினி!" என்றேன். பதநீர் காய்ச்சிக்கொண்டிருந்த தெருவே சிரித்தது. அப்புறம் பார்க்கும்போதெல்லாம், "இன்னைக்கு நட்சத்திரத்துல என்ன சமையல்?" என்று வாரினேன். நீங்களும் சிரித்துக்கொண்டே உள்ளே போய்விடுவீர்கள். மனம் நொந்தீர்களோ? அந்தக் கேள்வி ஒரு வருஷமாக என்னை அரித்துக்கொண்டிருந்தது.

போன வாரம் உங்கள் பெட்டியில் அந்த நோட்டு கிடைத்தது. ஐந்து வருஷத்துக் குறிப்புகள். திருவாதிரை ரோகிணிக்கு மேல், சமம், மறுபடி மேல். எல்லாம் ஞாயிற்றுக்கிழமை மட்டும்! ஏன் என்று என் மரமண்டைக்கு ஏற நேரம் பிடித்தது. கர்த்தருடைய நாளில் நம் தெருவில் கருப்பட்டி அடுப்பு எரியாது. அன்றைய பதநீரைக் குடித்தே தீர்த்துவிடுவோம். புகையில்லாத வானமாகப் பார்த்துப் பிடித்திருக்கிறீர்கள்.

நேற்று ஞாயிறு. இருட்டியதும் முற்றத்துக்குப் போய், முதலில் அடுப்புச் சாம்பலில் கை வைத்தேன். சில்லென்று இருந்தது. அப்புறம்தான் நிமிர்ந்தேன். உங்கள் கடைசிக் குறிப்பில் திருவாதிரை மேல். நேற்றோ ரோகிணிக்குச் சமம். சிரித்த அதே தெருவில் நின்று, "எங்க மதினி சொன்னதுதான் சரி! மங்குதது நட்சத்திரம்தான்!" என்று கத்தினேன்.

உள்ளே வந்து அதை எழுத அடுத்த பக்கத்தைத் திருப்பினால், உங்கள் கையெழுத்து: "இனிமேல் செல்லம் எழுதுவாள். வானத்தைப் பார்க்குமுன் அடுப்பைத் தொட்டுப் பார்ப்பாள்."

கள்ளி மதினி! சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. உங்களுக்கு என்மேல் கோபமே இல்லை.

அந்தப் புகை யோசனை சரியா தப்பா, யார் சொல்வார்கள்? எனக்குத் தெரியாது. ஆனால் திருவாதிரை தெரியும் ஞாயிறு ஒன்றையும் விடமாட்டேன். இது சத்தியம்.

சாம்பல் கையோடு,
உங்கள் நாத்தனார் செல்லம்