ஒரு ஆளுக்கு ரெண்டு பேரு

நேற்று மகளுடைய போனில் ஆஸ்பத்திரிப் படிவத்தை நானே நிரப்பிக் காட்டுகிறேன் என்று வீறாப்பாக உட்கார்ந்தேன். பெயர்க் கட்டத்தில் மாதா கோயிலில் வைத்த சூசை, நடுவில் ஒரு சாய்கோடு, தோட்டத்து ஏட்டில் இருக்கும் சின்னையா. கட்டம் சிவந்தது. மூன்று தடவை போட்டேன், மூன்று தடவையும் சிவந்தது.

"அப்பா, ஒரு ஆளுக்கு ஒரு பேருதான்," என்று மகள் சிரித்தாள். எனக்கு உன் ஞாபகம் வந்துவிட்டது.

ஹட்டனில் நாம் வேலை பார்த்த ஆபீசுக்கு முதல் கம்ப்யூட்டர் வந்த காலம். எட்டாம் வகுப்போடு நின்றுபோன நான், தோட்டத்து ஏடுகளைப் பார்த்து ஒற்றை விரலால் தட்டி ஏற்றுவேன். கொழும்பில் படித்து வந்த நீ, கேள்வியை எழுதினால் அது தேடித் தரும்படி புரோகிராம் எழுதியிருந்தாய். தேடுமுன் கேள்வி ஒழுங்காக இருக்கிறதா என்று அதுவே சரிபார்க்கும்.

அப்போதுதான் உன் அம்மாவுக்கு இந்தியா போகச் சொல்லி நோட்டீஸ் வந்தது. "இந்தியா போக நான் பேரே குடுக்கலையேப்பா," என்று அழுதார். ஏட்டில் அப்படி இல்லையென்றால் மறுத்து எழுதலாம் என்றாய். அம்மாவைத் தேட, மேரி அல்லது முத்தம்மா என்று தட்டினாய். 'இது நடக்கவே கூடாது' என்று சொல்லிவிட்டு மெஷின் நின்றது. திரும்பத் தட்டினாய். திரும்பவும் நின்றது.

"ரெண்டு பேரைக் கேட்டா அதுக்கு எங்கய்யா வலிக்குது?" என்றேன்.

"ஒரு ஆளுக்கு ரெண்டு பேரு வராதுன்னு நான்தான் எழுதி வச்சேன் சின்னையா."

"தோட்டத்து லயத்து வீட்டுல பொறந்தவன் எழுதுற எழுத்தாய்யா இது? உங்கம்மாவுக்கே ரெண்டு பேரு!"

மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு சிரித்தாய். அந்தச் சோதனையையே எடுத்துவிடு என்றேன். "காவக்காரன வெரட்டக் கூடாதுய்யா. யார மறிக்கணும்னு சொல்லிக் குடுக்கணும்," என்றாய். இரண்டு பெயரும் சேர்ந்தே வேண்டும் என்று கேட்டால் மறி, இதுவோ அதுவோ என்று கேட்டால் விடு. இரண்டே வரிதான் மாற்றினாய்.

மெஷின் பதில் சொன்னது. முத்தம்மாவின் பெயரில் கொழுந்து பறித்த வருடங்கள். மேரியின் பெயரில் ஒரே ஒரு வரி: செத்துப்போன உன் அப்பா, குடும்பத்தோடு இந்தியா போக எழுதிக் கொடுத்தது. அந்த வரியை ஏற்றியதும் என் ஒற்றை விரல்தான். யாரென்று தெரியாமல் தட்டியிருக்கிறேன்.

இந்தியாவுக்குக் கப்பலேறத் தலைமன்னார் போகும் ரயில் பெட்டியில் அம்மாவுக்குப் பக்கத்தில் நீயும் ஏறிக்கொண்டாய். "தனியா எப்படிய்யா அனுப்புறது?" என்றாய். நீ செத்துப்போன சேதி, பல வருடம் கழித்து, கல்யாணமாகி இங்கேயே தங்கிவிட்ட உன் தங்கை எழுதித்தான் தெரியும்.

நேற்று சின்னையாவை அழித்தேன். கட்டம் உடனே பச்சையானது. ஆபீசில் அந்தப் பேரில் என்னைக் கூப்பிட்டவன் நீ ஒருத்தன்தான்.

"அங்கயும் போய் ரெண்டு பேருக்காரங்கள மறிச்சிடாதய்யா," என்று அன்றைக்கு ஸ்டேஷனில் பகடி பேசினேன். நீ சிரித்துக்கொண்டே கையாட்டினாய். பெட்டி வளைவில் திரும்பி மறையும்வரை நானும் சிரித்துக்கொண்டே நின்றேன். போகாதய்யா என்று மட்டும் சொல்லவில்லை.