மாவேழ மன்னர் தம் கையால் கட்டிய பேறுகாலப் பெட்டி

மழை பொய்யாதிருக்க. களஞ்சியம் நிறைந்திருக்க. தொட்டில் கட்டிய வீடுகளில் தூக்கம் குறைந்தாலும் சிரிப்புக் குறையாதிருக்க.

வெள்ளாற்றின் இருகரையும் ஆள்பவரும், பகைவர் கோட்டைக் கதவுகளைத் தம் யானைகளுக்கு விளையாட்டுப் பொருளாகக் கொடுத்தவருமான கோமான் மாவேழ மன்னரின் திருவாக்கின்படி, ஓலைநாயகன் காரிநம்பி எழுதும் திருமுகம். கல்லாற்றூர்க் கோட்டைக் காவலரும், மன்னரின் மருமகனும், இப்போது ஒரு பெண்மகவுக்குத் தகப்பனுமாகிய வேள் திருக்கண்டனார் கண்டு மகிழ்க. உம் கோட்டை நலமா, குடிகள் நலமா, குதிரைகள் நலமா என்று முறைப்படி கேட்க வேண்டியவற்றைக் கேட்டதாகவே கொள்க. மன்னர் உண்மையில் கேட்பது, தம் மகள் அல்லியங்கோதைத் தேவியார் வயிறாரச் சாப்பிடுகிறாரா என்பது ஒன்றையே.

தேவியார் சூல் கொண்டிருந்தபோது, தலைப்பேற்றுக்குத் தாய்வீட்டுக்கு அழைத்துவர இங்கிருந்து பல்லக்குச் சென்றதும், அது வெறுமையாய்த் திரும்பியதும் நீர் அறிந்தவை. தாயில்லாத வீட்டுக்குப் பேறுகாலத்துக்கு எப்படி அனுப்புவது, அங்கே பார்த்துக்கொள்ள யார் இருக்கிறார்கள் என்று உம் அன்னையார் கேட்டதாகப் பல்லக்கோடு போனவர்கள் வந்து சொன்னார்கள். அக்கறையோடு கேட்ட கேள்வி அது. அதைக் குற்றமாகக் கொள்வார் இங்கில்லை. ஆயினும் அரசியார் மறைந்த நாள்முதல் மகளுக்குத் தாயும் தாமே என்றிருந்த மன்னர், அன்று உணவைத் தொடவில்லை. தம் பெண்ணுக்குத் தாய்வீடே இல்லாமல் போயிற்றோ என்பதுதான் அவர் துயரம். பெரும்போர்களில் கலங்காத மனிதர் இந்த ஒரு சொல்லில் கலங்கிப் போனார்.

அதே பல்லக்கோடு தேவியார் சொல்லியனுப்பிய செய்தியும் வந்தது. அதை மெருகேற்றாமல் வந்தபடியே பொறிக்க வேண்டும் என்பது மன்னர் ஆணையாதலால் அவ்வாறே எழுதுகிறோம்: "அப்பா, பட்டும் பொன்னும் வேண்டாம். அம்மா இருந்திருந்தா என்ன கட்டிக் குடுப்பாங்களோ, அதக் கட்டி அனுப்புங்க."

இங்கேதான் தொல்லை தொடங்கிற்று. பேறுகாலப் பெட்டியை மகளைப் பெற்றவள் தன் கையாலேயே கட்ட வேண்டும், பிறர் கை படலாகாது என்பது நம் நாட்டு வழக்கம் அன்றோ? பெற்றவள் இடத்தில் தாமே இருப்பதாக மன்னர் அறிவித்துவிட்டார். ஆனால் அவர் வாழ்நாளில் கட்டிய மூட்டைகள் எல்லாம் போருக்குக் கட்டியவை. ஆகவே முதலில் அவர் எடுத்து வைத்தவை வேல்காயத்துக்குப் பூசும் எண்ணெயும், வறுத்த கொள்ளும், கூடாரத் துணியும். மருத்துவர் நக்கணார் பெட்டியைப் பார்த்துவிட்டு, தேவியார் எந்தக் கோட்டையை முற்றுகையிடப் போகிறார் என்று பணிவுடன் வினவினார். மன்னர் சற்று நேரம் முறைத்துவிட்டு, எல்லாவற்றையும் வெளியே எடுத்து வைத்தார்.

அதன்பின் நக்கணார் வாயால் சொல்ல, மன்னர் கையால் செய்தார். சுக்கும் திப்பிலியும் ஓமமும் இடித்து, கருப்பட்டிப் பாகில் நெய்விட்டு லேகியம் கிளறினார். முதல் முறை அடிபிடித்தது. மறுமுறை பதம் தவறிக் கல்லாயிற்று; அதைத் தின்று பார்த்த சேனாபதிக்கு ஒரு பல் ஆடுகிறது. அதற்கடுத்தது நன்றாக வந்தது. பால் சுரப்பதற்குப் பால்சுறாக் கருவாடு வேண்டுமென்றதும் கடற்கரைக்குக் குதிரை பறந்தது. வந்த கருவாட்டைப் பூனைக்கு அஞ்சி மன்னர் கருவூலத்தில் பூட்டி வைத்தார். நம் முத்துகளும் மணிமுடியும் இன்றுவரை எப்படி மணக்கின்றன என்பதை ஓலையில் எழுதுவது அரசுக்கு அழகன்று.

இவற்றை எல்லாம் ஒருவாறு முடித்த பிறகு பழந்துணியில் வந்து நின்றது காரியம். பிறந்த பிள்ளையின் மேனியில் புதுத்துணி படலாகாது, பலமுறை உடுத்தித் துவைத்துத் துவண்ட துணிதான் வேண்டும் என்று ஊரே அறியும். ஆனால் ஒருமுறை உடுத்ததை மறுமுறை உடுத்தாமல் தானம் செய்யும் இந்த அரண்மனையில், தேடிப் பார்த்தும் ஒரு முழம் பழந்துணி இல்லை. ஊரில் யாரிடமேனும் கேட்டு வாங்கலாம் என்றோம். தாய்வீட்டுத் துணி தாய்வீட்டார் உடுத்ததாக இருக்க வேண்டும் என்று மன்னர் மறுத்துவிட்டார். மறுநாளே மெல்லிய பருத்தி வேட்டிகள் வந்தன. மன்னரும் அமைச்சரும் சேனாபதியும் இவ்வோலை எழுதுபவனும் அவற்றையே உடுத்து, துவைத்து, உலர்த்தி, மீண்டும் உடுத்தோம். திங்கள்கள் சென்றன, வேட்டிகள் நைந்தன. நம் பேரவை சாயம் வெளுத்த வேட்டிகளில் அமர்ந்திருப்பதைக் கண்ட வடபுலத் தூதர், நம் நாட்டில் பஞ்சம் என்று தம் அரசருக்கு எழுதி, அவர் இரக்கப்பட்டு நெல் அனுப்பினார். நன்றி கூறித் திருப்பி அனுப்பினோம்.

மகவு பிறந்த செய்தி வந்தபோது மன்னர் அந்தத் துணிகளை மடித்துக்கொண்டிருந்தார். ஒன்றை எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்த்து, அரசி இருந்திருந்தால் இதைக் குறை சொல்லியிருக்கமாட்டாள் என்றார். சொல்லும்போது அழுதார், அழுதுகொண்டே சிரித்தார். நாங்களும் அப்படியே.

இனி ஆணைகள். பெட்டி இத்திருமுகத்துக்கு ஒரு பகல் பின்னால் வருகிறது. அது வரும்போது முரசு கொட்டற்க, சங்கு ஊதற்க, பிள்ளை உறங்கும். கயிற்றில் போட்டிருப்பது யானைத்தளை முடிச்சு. அதை அவிழ்க்க உம் வீரர் எவராலும் ஆகாது, வாளால் அறுக்கவும் வேண்டா. போட்டவரே வந்து அவிழ்ப்பார்.

ஆம், பெட்டியைக் கட்டியவரே சுமந்து வருகிறார். மன்னராக வந்தால் படை வரும், குடை வரும், உம் கோட்டை முழுதும் விருந்தும் ஆரவாரமுமாகும். மகளைப் பார்க்க நேரம் இராது. ஆகவே முடியின்றி, நைந்த வேட்டியோடு, தலையில் சும்மாடு வைத்துக்கொண்டு ஒருவர் வருவார். அவரைக் கண்டு எவரும் எழுந்து நிற்கலாகாது. சமையற்கட்டு வழியாகப் பேறுகால அறையின் வாயில்வரை விடுக. அங்கே அமர்ந்துகொள்வார், எழுந்திருக்கச் சொல்லற்க. உம் அன்னையார் மனமுவந்து பிள்ளையை அவர் மடியில் இட்டால், அதற்கு ஈடாக எந்தத் திறையையும் தள்ளிக் கொடுக்க மன்னர் அணியமாயிருக்கிறார் என்பதை இவ்வோலை எழுதுபவன் தன் பொறுப்பில் தெரிவிக்கிறான்.

இலச்சினை இட்டோம். மோதிரத்தில் கருப்பட்டி ஒட்டியிருந்தமையால் முத்திரை சற்றே மங்கியிருக்கும், பொறுத்தருள்க.

கடைசி ஆணை, மன்னர் தம் வாயால் சொன்னது. வாயிலில் அரவம் கேட்டு, வந்திருப்பது யார் என்று தேவியார் உள்ளிருந்து வினவினால், அரசர் என்று சொல்லலாகாது. அம்மா வீட்டிலிருந்து ஆள் வந்திருக்கிறது என்று மட்டும் சொல்லுக.