கிளாராபிளாட்ஸ் தரிப்பிடம்

3 மார்ச் 1987, பாசல்

இன்றும் கிளாராபிளாட்ஸ் ட்ராம் தரிப்பிடத்தில்தான் பிள்ளை கைமாறியது. நான் ஆஸ்பத்திரியில் நிலம் துடைத்து முடித்து வந்து நின்றேன். இவர் யசோவைத் தூக்கிக்கொண்டு இறங்கினார். தந்தார், வாங்கினேன்.

"பால் குடிச்சவளோ?"

"ஓம். சோறு சட்டிக்குள்ளை இருக்கு."

அடுத்த ட்ராமில் ரெஸ்ரோரண்டுக்குக் கோப்பை கழுவப் போய்விட்டார். அவர் திரும்பி வரும்போது நான் நித்திரை. நான் விடிய வெளிக்கிடும்போது அவர் நித்திரை. இது குடும்பமா, சென்ட்ரிக் காவல் மாற்றுவதா?

8 மார்ச்

ரயிலில் ஒரு மணித்தியாலத் தூரத்து ஓர்லிகோனில் இருந்து யோகாம்பாள் மச்சாள் வந்தா. இவருடைய அக்கா. பிள்ளைகள் இல்லை, வேலைக்கும் போவதில்லை. யசோவை மடியில் வைத்துக்கொண்டு மெல்லச் சொன்னா:

"கிழமை நாளிலை பிள்ளையை என்னட்டை விடுங்கோவன். சனி ஞாயிறு வந்து பாருங்கோ. ரெண்டு பேரும் எலும்பாப் போனியள்."

இவர் என்னைப் பார்த்தார். நான் மாட்டேன் என்றேன். கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன். மச்சாளின் முகம் சுருங்கிப்போயிற்று. ஆனால் ஒரு வயதுப் பிள்ளையை விட்டுவிட்டு நான் இந்த ஊரில் யாருடைய நிலத்தைத் துடைக்க?

17 மார்ச்

முதுகு நோகிறது. வேறு புதினம் இல்லை.

24 மார்ச்

இவருக்கு முதலாளியிடம் ஏச்சு. இரண்டு தரம் பிந்திவிட்டாராம். "இன்னொருக்காப் பிந்தினால் வரவே வேண்டாம் எண்டவன்" என்று தரிப்பிடத்தில் சொல்லிவிட்டு ஓடினார். பிந்தியது யசோ சப்பாத்துப் போட அடம்பிடித்ததால். அதை எந்த மொழியில் முதலாளிக்குச் சொல்வது?

29 மார்ச், ஞாயிறு

யசோவை நித்திரையாக்கிவிட்டு எழுதுகிறேன்.

காலையில் வழக்கமான நேரத்துக்குத்தான் வேலைக்குப் போனேன். மேற்பார்வைக்காரி வாசலிலேயே நின்று சுவர் மணிக்கூட்டைக் காட்டிக் கத்தினாள். முழுதாக ஒரு மணித்தியாலம் பிந்தியிருந்தேன். மணிக்கூடு பழுது என்றுதான் நினைத்தேன். யூகோஸ்லாவியாக்காரி மிலேனாதான் விரலால் முள்ளைச் சுற்றுவதுபோலக் காட்டி விளங்கவைத்தாள். வெயில் காலம் வரப்போகிறதென்று இரவோடு இரவாக நாடு முழுக்க நேரத்தை முன்னுக்குத் தள்ளிவிட்டார்களாம். ஒக்டோபரில் வந்து இறங்கிய எங்களுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்? மச்சாள்கூட ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அப்போதுதான் உறைத்தது. இவரும் பழைய நேரத்தில்தானே இருப்பார்! வீட்டில் ரெலிபோன் இல்லை. ரெஸ்ரோரண்டின் இலக்கமும் என்னிடம் இல்லை. கொஞ்சம் வெள்ளன விடு என்று மேற்பார்வைக்காரியைக் கெஞ்சினேன். பிந்திய மணித்தியாலத்தையும் செய்து முடித்துவிட்டுப் போ என்றாள். நாள் முழுக்கத் துடைத்தேன், எதைத் துடைத்தேன் என்று தெரியாது.

ஓடிப்போய் நின்றால், இவர் சிரித்துக்கொண்டு இறங்குகிறார். இண்டைக்கு நேரத்துக்கு வந்திட்டன் பார் என்று பெருமை வேறு. சொன்னேன். ஒரு மணித்தியாலம் பிந்திவிட்டதென்று விளங்கியதும் முகம் வெளிறிப்போனது. அடுத்த ட்ராம் வந்தது. அவர் ஏறவில்லை.

"இப்ப போனாலும் ஏச்சு, ஆறுதலாப் போனாலும் ஏச்சு" என்று தரிப்பிடத்து வாங்குப் பலகையில் இருந்துவிட்டார். நானும் இருந்தேன். யசோ இரண்டு பேரின் மடியிலும் மாறி மாறி ஏறினாள். பையில் இருந்த பணிஸைப் பிய்த்து மூன்று பேரும் தின்றோம். வெயில் முகத்தில் பட்டது. இந்த நாட்டுக்கு வந்து இப்படி இருந்ததே இல்லை.

போங்கோ என்று நான் சொல்லியிருக்கவேண்டும். வாய் வரவில்லை.

30 மார்ச்

வேலை போய்விட்டது.

22 ஏப்ரல்

இவருக்கு உடுப்புத் தோய்க்கும் லோண்ட்ரி ஒன்றில் வேலை கிடைத்திருக்கிறது. விடியக்காலை தொடங்கி மத்தியானம் வரைக்கும். எனக்கும் காலை வேலை. பின்னேர வேலைக்கு மாற்றித் தா என்று கேட்டேன். யாராவது வேலையை விட்டு நின்றால் பார்க்கலாம் என்கிறாள் மேற்பார்வைக்காரி. காலையில் பிள்ளையை ஆரிட்டை விடுறது? ஆரிட்டை?

26 ஏப்ரல், ஞாயிறு

யசோவை ஓர்லிகோனில் மச்சாளிடம் விட்டுவிட்டு வந்தோம்.

27 ஏப்ரல்

வேலை முடிந்து பழக்கதோஷத்தில் கிளாராபிளாட்ஸில் இறங்கிவிட்டேன்.

12 ஜூலை

யசோ மச்சாளை அம்மா என்கிறாள்.

"நான் பழக்கேல்லை மலர். அவளாத்தான் சொல்லுறாள்." மச்சாள் சத்தியம் பண்ணாத குறை. பொய்யில்லை என்று தெரியும். தெரிந்து என்ன? எரியுது.

30 ஆகஸ்ட்

களைப்பு. இப்போது இவரும் நானும் தினமும் ஒரே மேசையில் சாப்பிடுகிறோம். கதைக்கத்தான் ஒன்றும் இல்லை.

26 செப்டெம்பர்

நாளைக்கு நேரம் பின்னுக்குப் போகிறது. இந்த முறை நானே மாலையிலேயே முள்ளைத் திருப்பிவைத்தேன்.

27 செப்டெம்பர், ஞாயிறு

எழும்பித் தேத்தண்ணி குடித்த பிறகும் நேரம் மிச்சம் இருந்தது. பறித்துக்கொண்டு போன மணித்தியாலத்தை ஆறு மாதம் கழித்துத் தந்திருக்கிறார்கள். நான் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தேன். இவர் திடீரென்று கேட்டார்:

"அண்டைக்கு வாங்கிலை இருந்தமே, அது பிழையோ மலர்?"

"இல்லை" என்றேன். யோசிக்காமலே வந்தது.

"அப்ப வெளிக்கிடு."

ஓர்லிகோனில் கதவைத் திறந்த மச்சாள் "ஏன் இவ்வளவு வெள்ளன?" என்றா. யசோ அவவின் சட்டையைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஒளிந்தாள். இவர் சொல்லத் தொடங்கினார், மச்சாள் முடிக்கவிடவில்லை. உள்ளே போய்ப் பிள்ளையின் உடுப்பெல்லாம் மடித்துக் கொண்டுவந்தா. "தொப்பியை மறந்துபோகாதேங்கோ, குளிர் வருது" என்றா. அழுதா. நானும் அழுதேன். மார்ச்சில் அவவின் முகம் சுருங்க வைத்தவள் நான்.

இனிக் காலை வேலைக்கு வரமாட்டேன் என்று நாளைக்கு மேற்பார்வைக்காரியிடம் சொல்லப்போகிறேன். பின்னேரம் தந்தால் தரட்டும், இல்லாவிட்டால் பாணும் பருப்பும்தான். தந்தால், பழையபடி ட்ராமில் கைமாற்றவேண்டி வரலாம். வரட்டும்.

யசோ ரயிலில் நெடுக அழுதாள், அம்மா அம்மா என்று. என்னையில்லை. பாசலில் ட்ராம் ஏறியபோது அழுது களைத்து என் தோளில் நித்திரையாகிவிட்டாள். வீட்டுக்குப் போகிற வழியில் கிளாராபிளாட்ஸில் கதவு திறந்தது. இவர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன்.

ஒருவரும் இறங்கவில்லை.