எட்டாவது சுற்று

ஓசூர்,
25.08.2025

அன்பு மாதேஷ்,

ஆகஸ்ட் 21, வியாழக்கிழமை, காலை 10 மணி 40 நிமிடம். பெண்கள் மூவாயிரம் மீட்டர். ஓட வேண்டிய சுற்று பதினைந்து. உன் தங்கை சரிதா ஓடிய சுற்று பதினாறு. தாளில் எழுதியிருப்பது பதினைந்து. இந்த மூன்று எண்களையும் முதலில் மனதில் வாங்கிக்கொள். மீதி எல்லாம் இதிலிருந்துதான் வருகிறது.

போனில் சொல்லாமல் எதற்குக் கடிதம் என்று கேட்பாய். குவைத்தில் உன் அறையில் எட்டு பேர். நான் பேசினால் எட்டு பேரும் கேட்பார்கள், நீயும் பாதியில் கத்தி வைத்துவிடுவாய். அதைவிட முக்கியம், இந்த விஷயத்தில் நான் ஒரு தவறான காகிதத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். சரியானதும் கையெழுத்தோடுதான் இருக்க வேண்டும். படம் எடுத்து இன்றே அனுப்புகிறேன். அசல் கூரியரில் வரும்.

வெள்ளிக்கிழமை நீ அம்மாவுக்கு அனுப்பிய வாய்ஸ் மெசேஜை நானும் கேட்டேன். "நாலாவதா வந்திருக்கா. போதும் ஓடினது. பரீட்சை முடிஞ்சதும் கம்பெனி வேன்ல ஏத்தி விடு" என்று சொல்லியிருந்தாய். அவள் நாலாவது வரவில்லை, மாதேஷ். முதலில் வந்தாள். பதினேழு விநாடி வித்தியாசத்தில் முதலில் வந்தாள். எப்படி என்று சொல்கிறேன், குறுக்கே பேசாமல் படி.

இந்த வருடக் குறுவட்டப் போட்டி நம் பள்ளி மைதானத்தில்தான் நடந்தது. இருபத்து மூன்று பள்ளிக்கூடம், மொத்தம் மூன்று பி.டி. வாத்தியார்கள். வெங்கட் சார் விடியற்காலை ஐந்து மணிக்கே வந்து ஒற்றை ஆளாகச் சுண்ணாம்புக் கோடு போட்டார். நம் மைதானத்தில் இருநூறு மீட்டர் சுற்றுதான் போட முடியும் என்பது உனக்குத் தெரியும். அதனால் மூவாயிரம் மீட்டருக்குப் பதினைந்து சுற்று. பதினோரு பெண்கள் ஓடினார்கள். ஆளுக்கு ஒருவர் உட்கார்ந்து சுற்றை எண்ண வேண்டும். பதினோரு ஆளுக்கு சார் எங்கே போவார்? பழைய மாணவர்களைக் கூப்பிட்டார். நானும் லீவு போட்டுப் போனேன். சரிதா பெயரைப் பார்த்ததும் அந்தத் தாளை நானே கேட்டு வாங்கினேன். "நம்ம பொண்ணு சார், நான் எண்ணுறேன்" என்றேன்.

ஒரு சுற்றுக்கு ஒரு கோடு, ஐந்தாவது கோட்டைக் குறுக்கே இழுக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை. இதற்குமேல் போன் ஸ்டாப்வாட்சிலும் ஒவ்வொரு சுற்றுக்கும் பட்டனை அழுத்தினேன். யாரும் கேட்கவில்லை, பழக்கதோஷம். கம்பெனியில் நாள் முழுக்க மைக்ரோமீட்டரோடு குடும்பம் நடத்துகிறவன் நான்.

அவள் ஓடியதை நீ பார்த்திருக்க வேண்டும். முதல் சுற்று 47 விநாடி. அடுத்தது 47. அடுத்தது 46. மெஷினில் போட்டு எடுத்த மாதிரி ஒரே அளவு. கெலமங்கலம் பஸ்ஸைப் பிடிக்க ஓடி ஓடியே இந்தப் பெண் இப்படி ஆகிவிட்டாள் என்று பக்கத்தில் இருந்த சுகுணா டீச்சர் சிரித்தார். ஐந்தாவது சுற்றிலேயே அவள் தனியாக முன்னால் போய்விட்டாள்.

ஆறாவது சுற்று ஓடும்போது சிறப்பு விருந்தினர் கார் வந்தது. வாசலில் நிறுத்தி நடந்து வரலாம். வரவில்லை. ஓடிக்கொண்டிருக்கிற பெண்களுக்குக் குறுக்கே, சுண்ணாம்புக் கோட்டின் மேல் ஏற்றி மேடைவரைக்கும் கொண்டுவந்தார்கள். பின்னால் வந்த இரண்டு பெண்கள் காரைச் சுற்றிக்கொண்டு ஓடினார்கள். ஒருவரும் போட்டியை நிறுத்தவில்லை, காரையும் நிறுத்தவில்லை. பேண்டு அடித்தார்கள், எல்லோரும் எழுந்து நின்றார்கள். எண்ணிக்கொண்டிருந்த பதினோரு பேரும் எழுந்து நின்றோம். பிள்ளைகள் ஓடும்போது நாற்காலியை விட்டு எழக்கூடாது என்று யாருக்கும் தோன்றவில்லை. வந்தவருக்கு மரியாதை செய்யாவிட்டால்தான் நமக்குத் தப்பாகத் தெரியும்.

வந்தவர் வேறு யாருமில்லை, என் கம்பெனி மேனேஜர். பிள்ளைகளுக்கு டி-ஷர்ட் கொடுங்கள் என்று கேட்டு அவரை அழைத்துவந்ததே நான்தான். அதனால் மைக்கில் என் பெயரைக் கூப்பிட்டார்கள். முன்னாள் மாணவர் தப்ரேஸ் மேடைக்கு வந்து விருந்தினருக்குப் பொன்னாடை போர்த்தவும் என்றார்கள். ஏழாவது கோட்டைப் போட்டுவிட்டு, தாளை நாற்காலியில் வைத்து, மேலே தண்ணீர் பாட்டிலை வைத்துவிட்டுப் போனேன். பொன்னாடை போட்டேன். போட்டோக்காரன் சரியாக வரவில்லை என்று இன்னொரு தடவை போடச் சொன்னான். இன்னொரு தடவையும் போட்டேன். அந்த நேரத்தில் சரிதா எட்டாவது சுற்றை முடித்துவிட்டுப் போனாள். தாளில் கோடு விழவில்லை. திரும்பி வந்து உட்கார்ந்தபோது அவள் மறுபடி வந்துகொண்டிருந்தாள். எட்டு என்று கோடு போட்டேன். அது ஒன்பது.

இதற்கு அடுத்து நடந்ததுதான் என்னால் தாங்க முடியாதது. பதினைந்து முடித்ததும் அவள் நின்றாள். என் நாற்காலிக்கு நேராக நின்று, மூச்சு வாங்கிக்கொண்டே, "பதினஞ்சு ஆச்சு தப்ரேஸ் அண்ணா" என்றாள். நான் தாளைப் பார்த்தேன். அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "இல்லம்மா, பதினாலு. ஓடு ஓடு" என்றேன். அவள் ஒரு நொடி என்னைப் பார்த்தாள். பிறகு ஓடினாள். வாதாடவே இல்லை. அண்ணன் கையில் பேப்பர் இருக்கிறது, அண்ணன் கம்பெனியில் அளக்கிறவர், அவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நினைத்திருப்பாள். அவள் அந்தப் பதினாறாவது சுற்றில் இருக்கும்போதே பின்னால் வந்த மூன்று பேர் பதினைந்தை முடித்துவிட்டார்கள். உன் தங்கை நாலாவது ஆனது இப்படித்தான்.

விருந்தினர் பதினொன்றே காலுக்குக் கிளம்ப வேண்டும் என்பதால் எல்லாம் அவசரம். ஓடி முடித்த பத்தாவது நிமிடம் மெடல் கொடுத்தார்கள். தாளை நீட்டினார்கள், கையெழுத்துப் போட்டேன். கம்பெனியில் ரீடிங்கைப் பார்க்காமல் நான் ஒரு போல்ட்டுக்குக்கூடக் கையெழுத்துப் போட்டதில்லை. ஒரு பெண்ணின் இரண்டு வருட உழைப்புக்கு நின்ற வாக்கில் போட்டேன்.

மெடல் கொடுத்து முடிந்ததும் ஸ்டாப்வாட்சை அழிக்கலாம் என்று போனை எடுத்தேன். 47, 47, 46, 47, 47, 47, 48. அதற்கு அடுத்து 94. அதற்கு அடுத்து மறுபடி 47. ஒருத்தி நடுவில் உட்கார்ந்து வெற்றிலை போட்டால்தான் 94 வரும். 94 என்றால் இரண்டு சுற்று. குழந்தைக்கும் புரியும். பதினைந்து சுற்றுக்கு அவள் நேரம் 11 நிமிடம் 46 விநாடி. மெடல் வாங்கிய பெண்ணின் நேரம் 12 நிமிடம் 3 விநாடி.

அப்போது மணி 11.13. ஆட்சேபம் இருந்தால் போட்டி முடிந்து அரைமணி நேரத்துக்குள் பள்ளி எழுதிக் கொடுக்க வேண்டும். 11.23 வரை நேரம் இருந்தது. பத்து முழு நிமிடம். ஓடிப்போய் தலைமையாசிரியரிடம் போனைக் காட்டினேன். அவர் விருந்தினரை வழியனுப்பிக்கொண்டிருந்தார். "கொஞ்சம் இருப்பா, பெரிய மனுசன் நிக்கிறாரு" என்றார். கார் போகும்போது 11.26. அப்புறம் என்னிடம் திரும்பி, "டைம் முடிஞ்சிருச்சே" என்றார்.

வெங்கட் சாரிடம் போனேன். அவர் கெட்டவர் இல்லை, ஆனால் பயந்தவர். "நீ கோட்டை வுட்டது நெசந்தான். ஆனா வெளியாளை எதுக்கு எண்ண வெச்சீங்கன்னு கேப்பாங்க. என் வேலைக்கு வேட்டு வெச்சிடாதே தம்பி. அடுத்த வருசம் பாத்துக்கலாம் வுடு" என்றார். அடுத்த வருடம் எது சார், அவள் பிளஸ் டூ என்றேன். தலைமையாசிரியர் இன்னும் ஒரு படி மேலே போய், கையெழுத்துப் போட்டது நீதானே, இப்போது நீயே மாற்றிச் சொன்னால் எதை நம்புவது என்று என்னையே கேட்டார். நல்ல கேள்விதான். பிழை செய்தவன் வந்து பிழை என்று சொல்கிறான், ஆதாரத்தையும் காட்டுகிறான். அவனை நம்ப மாட்டார்களாம். அவன் செய்த பிழையை மட்டும் நம்புவார்களாம்.

பள்ளி வாசலில் இப்போது ஒரு ஃப்ளெக்ஸ் கட்டியிருக்கிறார்கள். சாதனை மாணவர்கள் என்று தலைப்பு. நம் பள்ளிக்கு ஒன்பது முதலிடம், ஒன்பது பிள்ளைகளின் படமும் தபால்தலை அளவில் கீழே இருக்கிறது. மேலே என் மேனேஜர் முகம், தலைமையாசிரியர் முகம், பொன்னாடையோடு என் முகம். அதற்கு எதிரில்தான் சரிதா தினம் பஸ்ஸுக்கு நிற்கிறாள். ஓடியவள் படம் இல்லை, ஓட்டத்தைக் கெடுத்தவன் படம் தொங்குகிறது. நேற்று ஏணி போட்டு என் முகத்தை மட்டுமாவது வெட்டி எடுக்கப் போனேன். வாட்ச்மேன் போலீஸைக் கூப்பிடுவேன் என்றார்.

போட்டி நடந்த அன்று சாயங்காலமே உங்கள் வீட்டுக்குப் போனேன். உன் அம்மாவுக்குக் கோபம் வந்தால் கன்னடத்தில் திட்டுவார் என்பது நம் இருவருக்கும் தெரியும். திட்டட்டும் என்றுதான் போனேன். மாதம்மாள் அம்மா தமிழிலேயே, மெதுவாக, "உன்னை என்னாத்துக்குத் திட்றது தம்பி. நாலாவதுன்னு ஊருக்கெல்லாம் சொல்லியாச்சு. அவளுக்கு வேலைக்குப் போற வழியப் பாக்கலாம்" என்றார். கம்பெனி ஹாஸ்டலில் சோறு, வேன், மாதச் சம்பளம் என்று யாரோ வந்து சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள். அந்த வேலையை நான் மட்டம் தட்டவில்லை. நானும் அந்தச் சோறுதான் சாப்பிடுகிறேன். ஆனால் தோற்றதால் போகிறாள் என்றால், அவள் தோற்கவில்லை என்பது உனக்குத் தெரிந்திருக்க வேண்டும். மாவட்டப் போட்டி செப்டம்பர் பத்தாம் தேதி கிருஷ்ணகிரியில். இங்கே ஜெயித்தால்தான் அங்கே ஓடலாம், அங்கே ஜெயித்தால் மாநிலம், அதைக் காட்டி விளையாட்டு ஒதுக்கீட்டில் கல்லூரி. இந்தக் கணக்கைப் போட்டுத்தான் அவள் இரண்டு வருடமாக ஓடினாள். உன்னிடம் சொன்னாளா என்று தெரியாது. என்னிடம் சொன்னாள்.

நான்கு நாளாக அவள் மைதானத்துக்கு வரவில்லை. ஷூவைக் கழுவி, காயவைத்து, டப்பாவில் போட்டு மேலே ஏற்றிவிட்டாள். நான் மன்னிப்புக் கேட்டேன். அவள் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. "எங்க அண்ணங்கிட்ட சொல்லிட்டீங்களா?" என்று மட்டும் கேட்டாள். இல்லை என்றேன். உள்ளே போய்விட்டாள்.

என்ன செய்யப்போகிறேன் என்று கீழே எழுதியிருக்கிறேன். இதில் எதுவும் மாறாது.

1. நாளை செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்குக் கிருஷ்ணகிரியில் கல்வி அலுவலகத்தில் என் பெயரில், என் தவறு என்று எழுதி, ஸ்டாப்வாட்ச் படத்தோடு மனு கொடுப்பேன். முத்திரை போட்ட நகல் வாங்காமல் வெளியே வரமாட்டேன். புதன்கிழமை விநாயகர் சதுர்த்தி, ஆபீஸ் இருக்காது. வியாழக்கிழமை மறுபடி போவேன்.

2. பள்ளி எழுதிக் கொடுத்தால்தான் செல்லும் என்றால், தலைமையாசிரியர் அறை வாசலில் உட்காருவேன். லீவு எட்டு நாள் மிச்சம் இருக்கிறது.

3. என் மேனேஜரிடம் நடந்ததை நானே சொல்வேன். அவர் கார் கோட்டின் மேல் வந்ததையும் சேர்த்துத்தான்.

4. பதிவை மாற்ற முடியாது என்றால், முதல் மூன்று பேரோடு சரிதாவை மறுபடி ஓடவிடுங்கள் என்று கேட்பேன். அந்த மைதானத்திலேயே. எண்ணுவதற்கு வேறு ஆள்.

5. வெள்ளிக்கிழமை காலை பிரேயரில் மைக்கைக் கேட்டு வாங்குவேன். கொடுக்காவிட்டால் மைக் இல்லாமல் சொல்வேன். சரிதா எண்ணியது சரி, நான் எண்ணியது தப்பு என்று, அன்று பார்த்த அத்தனை பிள்ளைகளும் கேட்க.

6. இன்று சாயங்காலம் உங்கள் வீட்டுக்குப் போய் அவளிடம், "உங்க அண்ணங்கிட்ட சொல்லிட்டேன்" என்பேன். அண்ணன் என்ன சொன்னார் என்று கேட்பாள். அதற்கு என்னிடம் பதில் கிடையாது, மாதேஷ். என்னை என்ன வேண்டுமானாலும் சொல், அது அப்புறம். அதற்கு முன்னால் அவளைக் கூப்பிடு.

இப்படிக்கு,
உன் தப்ரேஸ்