பிஸ்கட் கல்லறை

ஒக்ரோபர் 30, வியாழன்

வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்றுவதற்குள் பிள்ளைகள் இரண்டும் மேசையில் ஏறிவிட்டன. நாளை வகுப்பில் ஹலோவீன் விருந்தாம். நல்லவேளை, அடுப்பு மூட்டும் வேலை இல்லை. கப்பில் சொக்லேட் புடிங், மேலே மண் மாதிரிப் பொடித்த பிஸ்கட், அதில் கல்லறையாக நட்டுவைக்க ஒரு முழுப் பிஸ்கட். எனக்குக் கால் உளைவு. பொடித்துக் கொடுத்துவிட்டுக் கதிரையில் சாய்ந்துவிட்டேன்.

மகன் எல்லாக் கல்லறையிலும் ஐசிங்கால் சிலுவை கீறினான். மகள் ஒன்றில் மட்டும் 'அப்பப்பா' என்று எழுதியிருந்தாள். அதுவும் தமிழில்.

எங்கிருந்துதான் கோபம் வந்ததோ. மாமா, அதுதான் இவரின் அப்பா, செத்து இன்னும் ஒரு மாதம்கூட ஆகவில்லை. "செத்த ஆக்களின்ர பேரில விளையாடுறதோ?" என்று பிஸ்கட்டைப் பிடுங்கினேன். அது இரண்டாக உடைந்தது.

அவள் அழவில்லை. "விளையாடேல்லை அம்மா. எட்டாம் நாள் எட்டுச் செலவுக்கு அப்பப்பாவுக்கு விருப்பமானது எல்லாம் படைச்சனீங்கள். சொக்லேட் மட்டும் வைக்கேல்லை."

"அவருக்குச் சீனி வருத்தமெல்லோ, இனிப்புக் கூடாதே?"

"இப்பவுமோ?"

உடைந்ததை ஐசிங் வைத்து ஒட்டினேன். அந்தக் கப்பை அவள் மாமாவின் படத்துக்கு முன்னால் கொண்டுபோய் வைத்தாள்.

இவர் வேலையால் வந்ததும் அதைக் கண்டார். தன் அப்பாவின் படத்தையும் கப்பையும் மாறி மாறிப் பார்த்தார். குசினிக்குள் போய் ஒரு சின்னக் கரண்டி எடுத்துவந்து பக்கத்தில் வைத்தார்.