படலையைத் திறந்து விட்டவன்

மச்சான்,

நேற்றுக் காலை பல்லரோ சந்தையில் மரக்கறி வாங்கிக்கொண்டு பெரிய தெருவுக்கு ஏறும்போது மகள் கைபேசியில் அழைத்தாள். அவள் ஒன்று கேட்டாள். என்ன கேட்டாள் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். ஆமாம் என்பதற்கு நம்மூர் வழக்கப்படி நான் "ஓம்" என்றேன். கொஞ்சம் உரக்கச் சொல்லிவிட்டேன் போலும். சுற்றுலாக்காரரை ஏற்றிக்கொண்டு என்னைக் கடந்துபோன வண்டிக் குதிரை சட்டென்று நின்றுவிட்டது. வண்டிக்காரன் என்னை முறைத்தான். எனக்கு முதலில் சிரிப்பு வந்தது, பிறகு உன் நினைவு வந்தது. நீ போய் ஐந்து வாரம்தான் ஆகிறது. இந்தக் கூத்தை வேறு யாரிடம் போய்ச் சொல்ல?

தொண்ணூறுகளின் நடுவில் சியாகுல்லி மாண்டரின் தோடம்பழத் தோட்டத்துக்கு நாம் வேலை கேட்டுப் போன நாள் நினைவிருக்கிறதா? அந்தச் சரிவுகளில் டிராக்டர் ஏறாது. பழப்பெட்டிகளைக் குதிரை வண்டிகள்தான் இறக்கின. முதலாளியை எல்லாரும் பத்ரோனே என்றார்கள். "குதிரை தெரியுமா?" என்று அவர் கேட்டதும், "எங்கள் தீவில் குதிரைகள் நிறைய" என்று உடைந்த இத்தாலியனில் அடித்துவிட்டாய். பொய்யில்லைதான், நீ நெடுந்தீவான். ஆனால் நெடுந்தீவுக் குதிரைகள் வெளியில் தம்பாட்டில் திரிபவை, அவற்றில் ஒன்றின்மீதும் உன் கை பட்டதில்லை என்பதை மட்டும் விழுங்கிவிட்டாய். அன்றே அவர் உன்னைக் குதிரைக்காரனாக்கினார். என்னை உனக்குத் துணையாக விட்டார்.

வண்டி வாரை எந்தப் பக்கம் மாட்டுவது என்றே உனக்குத் தெரியாது. ஆனால் சிறுவயதில் தூரத்தில் நின்று மந்தையைப் பார்த்துப் பார்த்து அதன் மனம் உனக்குப் பிடிபட்டிருந்தது. நான் ஒவ்வொரு குதிரையாகக் கயிற்றில் இழுத்துக் காலில் மிதிபட்டுக்கொண்டிருந்தபோது, நீ வேலியில் சாய்ந்து நின்று மூன்று நாள் சும்மா பார்த்தாய். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான்காம் நாள் அந்தக் கிழட்டுச் சாம்பல் பெண்குதிரையைக் காட்டினாய்.

"உவள்தான் பெரியக்கா. உவள் தண்ணி குடிச்ச பிறகுதான் மற்றதுகள் குடிக்குதுகள். உவளைத் திருப்பினால் காணும், மற்றதுகள் தன்பாட்டிலை வரும்."

அப்படியே நடந்தது. அன்றிலிருந்து என் கால் தப்பியது.

பிறகு வந்தது அந்த "ஓம்" வில்லங்கம். குதிரைகளை நிறுத்த பத்ரோனே "ஓஓ" என்று இழுப்பார். நாம் வண்டிக்குப் பக்கத்தில் கதைத்துக்கொண்டு நடப்போம். "சாப்பிட்டனியோ?" என்று நான் கேட்பேன். "ஓம்" என்பாய். பெரியக்கா நின்றுவிடுவாள். "வீட்டுக்குக் கடிதம் போட்டனியோ?" "ஓம்." மறுபடியும் நிற்பாள். சரிவில் இறங்கி முடிவதற்குள் பத்து முறை நிற்க வேண்டியிருந்தது. "இனிமேல் தலையை மட்டும் ஆட்டு" என்று உன்னைக் கெஞ்சினேன். அதற்கும் "ஓம்" என்றாயே, பாவி.

அந்தக் குளிர்காலத்தில் பத்ரோனே நான்காவதாக ஒரு இளங்குதிரையை வாங்கினார். அவனுக்கு நீ புதுமாப்பிள்ளை என்று பேர் வைத்தாய். நேராக மற்ற மூன்றோடும் விடவேண்டாம், ஒரு வாரம் வேலிக்கு அப்பால் நிற்கட்டும், மணம் பிடித்துப் பழகட்டும் என்று சொன்னாய்.

"நாங்களும் குவெஸ்தூரா பொலிஸ் கந்தோர் வாசலிலை எத்தினை நாள் நிண்டனாங்கள். பெரியக்கா பெர்மெசோ குடுக்கும் வரைக்கும் இவனும் நிக்கட்டும்."

எனக்கு அப்போது பெர்மெசோ என்ற சொல் பகிடியில்லை. தங்குவதற்கான அந்த அனுமதி எனக்கு முடியும் தறுவாயில் இருந்தது. புதுப்பிக்க பத்ரோனே வேலைக் கடிதத்தில் ஒப்பமிட வேண்டும். அது கிடைத்தால்தான் கொழும்பு லொட்ஜில் காத்திருந்த மனைவியையும் பிள்ளையையும் கூப்பிட முடியும். கையெழுத்து வாங்க வேண்டிய நாளும் புதுமாப்பிள்ளையை உள்ளே விட்ட நாளும் ஒன்றாகிப் போயின. நான் வைக்கோலைப் போட்டுவிட்டு வெளியே வந்தேன். கடிதத்தையே நினைத்துக்கொண்டு, ஊரில் வேலிப் படலைக் கதவுக்குச் செய்வதுபோல் கயிற்றுக் கண்ணியைக் கம்பத்தில் மாட்டிவிட்டு வந்துவிட்டேன். இரும்புத் தாழைப் போடவில்லை. ஆட்டுக்கு அந்தக் கண்ணி போதும், மச்சான். குதிரைக்குப் போதாது.

வைக்கோலுக்குப் புதுமாப்பிள்ளை வாயை நீட்டினான், பெரியக்கா உதைத்தாள், அவன் பின்வாங்கிப் படலையில் விழுந்தான். கண்ணி கழன்றது. நான்கும் வெளியே பாய்ந்தன. கீழே லொறிகள் போகும் பெருந்தெரு. நான் கத்திக்கொண்டு பின்னால் ஓடினேன். நான் ஓட ஓட அவை இன்னும் வேகமாக ஓடின.

"ஓடாதை! நீ ஓடினால் அதுகள் பறக்கும்!"

நீ மரங்களுக்குள்ளால் குறுக்கே இறங்கி, வளைவுக்குக் கீழே அவற்றுக்கு முன்னால் போய் நின்றாய். கையை விரிக்கவில்லை. முகத்துக்கு நேரே நிற்காமல் பக்கவாட்டில் நின்றாய். பிறகு அடிவயிற்றிலிருந்து ஒரு "ஓஓம்". பெரியக்கா வேகம் தணிந்தாள், நின்றாள். பின்னால் வந்தவை அவள்மேல் மோதாத குறையாக நின்றன. நீ அவளுக்கு முதுகைக் காட்டி மேலே நடந்தாய். அவள் உன் பின்னால், அவள் பின்னால் மற்ற இரண்டு, கடைசியில் முழங்காலில் கீறலோடு புதுமாப்பிள்ளை.

பத்ரோனே முற்றத்தில் நின்றார். யார் திறந்து விட்டது என்று கேட்டார். நான் குனிந்து புதுமாப்பிள்ளையின் முழங்கால் கீறலைப் பார்த்தேன். "நான்தான்" என்று நீ சொன்னாய்.

உன்னைக் குதிரைகளிடமிருந்து எடுத்துப் பெட்டி சுமக்க விட்டார்கள். என் கடிதத்தில் அன்று மாலையே ஒப்பம் விழுந்தது. ஏன் அப்படிச் சொன்னாய் என்று உன்னிடம் சண்டைக்கு வந்தேன்.

"என்ரை பெர்மெசோ போன மாசம்தான் புதுப்பிச்சது. எனக்கு ஒண்டும் ஆகாது. நீ வாயை மூடிக்கொண்டு மனுசியையும் பிள்ளையையும் கூப்பிடுற வழியைப் பார்."

பெரியக்கா வேறு யாருக்கும் அசையாததால் இரண்டு மாதத்தில் உன்னைத் திரும்பக் கூப்பிட்டார்கள். ஆனால் கதை பரவிவிட்டது. நாம் குடியிருந்த அல்பெர்கேரியாப் பகுதியில் நம்மவர் எல்லாருக்கும் நீ "படலை" ஆனாய். ஞானஸ்நான விருந்தா, பிறந்தநாளா, "படலை வாறான், கதவைப் பூட்டுங்கோ" என்று ஒருவன் தொடங்குவான். நீ சிரிப்பாய். நானும் சிரித்தேன், மச்சான். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. பெர்மெசோ வந்ததும் சொல்லலாம் என்றிருந்தேன். பிறகு மனைவி பிள்ளை வந்ததும் என்றேன். பிறகு பத்ரோனே போய்விட்டார். கோழைக்குச் சாட்டுக்கா பஞ்சம்?

போன ஞாயிறு உன் முப்பத்தோராம் நாள். திருப்பலிப் பூசை முடிந்து கோவில் மண்டபத்தில் சாப்பிடும்போது யாரோ அன்போடுதான் அந்தப் பகிடியை எடுத்தார்கள். நான் எழும்பினேன். "அண்டைக்குத் தாழ் போடாதது நான். அவன் எனக்காகப் பொய் சொன்னவன்" என்றேன். உன் மனைவி என் பக்கத்தில் வந்து மெல்லச் சொன்னார்.

"எனக்குத் தெரியும் அண்ணை. கலியாணம் கட்டின வருசமே சொல்லிப்போட்டார். நீங்கள் மனம் நோவியள் எண்டு காட்டிக்கொள்ளாதை எண்டவர்."

பிறகு என் தட்டில் இன்னும் கொஞ்சம் சோறு வைத்தார். நான் அழுதுகொண்டே சாப்பிட்டேன். வெட்கமாக இல்லை. இத்தனை வருடத்துக்குப் பிறகு சோறு ருசித்தது.

மகள் அன்று வேலைக்குப் போயிருந்தாள். தாய் சொல்லித்தான் கேள்விப்பட்டிருக்கிறாள். அதைத்தான் நேற்றுக் கேட்டாள்: "அப்பா, அண்டைக்கு மாமா அப்பிடிச் சொன்னபடியால்தானோ நானும் அம்மாவும் இஞ்சை வந்தனாங்கள்? படலையைத் திறந்து விட்டது நீங்களோ?"

"ஓம்" என்றேன். குதிரை நின்றது.

வண்டிக்காரன் நாக்கைச் சொடுக்கி அதைக் கிளப்பினான். மகளுக்குச் சரியாகக் கேட்கவில்லை போலும், "என்னப்பா?" என்றாள். தெரு முழுக்கக் கேட்கும்படி மறுபடியும் சொன்னேன்: "ஓம் பிள்ளை, நான்தான்."

எடுத்த காலைக் கீழே வைத்துக் குதிரை மறுபடியும் நின்றது.